லூ கெரிக்

லூ கெரிக் (முழுப்பெயர்: ஹென்றி லூயி கெரிக், ஜூன் 19, 1903 – ஜூன் 2, 1941) அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த புகழ்பெற்ற அடிபந்தாட்ட (பேஸ்பால்) வீரர் ஆவார். 1923 முதல் 1939 வரை நியூயார்க் யாங்கீஸ் அணியில் முதல் தளக் காப்பாளராக விளையாடினார். 1925 ஜூன் மாதம் தொடங்கி 1939 ஏப்ரல் இறுதிவரை, தம் அணியின் ஓர் ஆட்டத்தைக்கூடத் தவறவிடாமல் தொடர்ச்சியாக 2,130 ஆட்டங்களில் பங்கேற்றது இவரது பெருஞ்சாதனையாகும். இச்சாதனை 56 ஆண்டுகள் முறியடிக்கப்படாமல் நின்றது. இதனால் இவர் "இரும்புக் குதிரை" என்னும் பட்டப்பெயரால் அழைக்கப்பட்டார். அக்கால அமெரிக்க வழக்கில் நீராவித் தொடர்வண்டி இயந்திரத்தைக் குறிக்கும் பெயர் அது.

இவரைத் தாக்கிய அமையோட்ராபிக் லேட்டரல் ஸ்க்லெரோசிஸ் (சுருக்கமாக ஏ.எல்.எஸ்.) என்னும் நரம்பு நோய், வட அமெரிக்காவில் இன்றும் "லூ கெரிக் நோய்" என்றே பரவலாக அறியப்படுகிறது. அந்நோய் முதன்முதலில் ஊரறிய வெளிப்பட்டது மருத்துவமனையில் அன்று, 1939ஆம் ஆண்டுப் பருவத்தின் முதல் எட்டு ஆட்டங்களில் ஆகும்.

ஆட்டப் பருவமும் அதன் தொடக்க வாரங்களும்

அமெரிக்கத் தொழில்முறை அடிபந்தாட்டம் ஆண்டுதோறும் ஏப்ரலில் தொடங்கி இலையுதிர் காலத்தில் முடிவடைகிறது. கெரிக்கின் காலத்தில் ஒவ்வோர் அணியும் ஒரு பருவத்திற்கு 154 ஆட்டங்கள் ஆடின. ஏறத்தாழ நாள்தோறும் ஆட்டம் உண்டு. பருவத்திற்கு முன்னர், பிப்ரவரி இறுதியிலிருந்து அணிகள் புளோரிடா போன்ற வெப்பமான மாநிலங்களில் பயிற்சி முகாம் நடத்தும்.

மட்டையாளரின் திறனை அளக்கப் பயன்படும் முதன்மையான எண் மட்டையடிச் சராசரி ஆகும். பந்தை அடித்துப் பாதுகாப்பாகத் தளத்தை அடைந்த முறைகளை, அடிக்கக் கிடைத்த மொத்த வாய்ப்புகளால் வகுத்தால் இவ்வெண் கிடைக்கும். பத்து வாய்ப்புகளில் மூன்று முறை வெற்றி பெறுபவர் (0.300) மிகச் சிறந்த வீரராகக் கருதப்படுவார். துடுப்பாட்டத்தை (கிரிக்கெட்) மட்டும் அறிந்தவர்களுக்கு இது வியப்பளிக்கலாம். இவ்வாட்டத்தில் தோல்வியே வழக்கம், வெற்றி அரிது. ஆகையால் பருவத் தொடக்கத்தில், முப்பது வாய்ப்புகள்கூட நிறையாத நிலையில், ஒருவரின் சராசரியைக் கொண்டு எம்முடிவுக்கும் வரலாகாது என்பது இவ்வாட்டத்தில் பழகியவர்களின் பொதுக்கருத்து. ஏப்ரலில் தடுமாறிய எத்தனையோ வீரர்கள் ஜூலையில் தலைசிறந்து விளங்கியதுண்டு. கெரிக்கின் கடைசி ஏப்ரலில் அவருடைய மேலாளரும் சக வீரர்களும் இவ்வழக்கத்தையே நம்பிக் காத்திருந்தனர்.

இளமைக் காலம்

கெரிக் நியூயார்க் நகரின் மன்ஹாட்டன் பகுதியில் பிறந்தார். பெற்றோர் ஹைன்ரிக், கிறிஸ்டினா இருவரும் ஜெர்மனியிலிருந்து குடியேறியவர்கள். பிறந்த நான்கு குழந்தைகளில் பிழைத்து வளர்ந்தவர் இவர் ஒருவரே. தந்தை உலோகத் தகடு வேலை செய்பவர். நோயாலும் வேலையின்மையாலும் அவரது வருவாய் நிலையற்றதாக இருந்தது. தாயே சமையல், துணி துவைத்தல் முதலிய வீட்டு வேலைகள் செய்து குடும்பத்தைக் காத்தார். மகன் படித்துப் பொறியாளராக வேண்டும் என்பது தாயின் விருப்பம். பந்தாட்டத்தை அவர் ஒரு பிழைப்பாகவே கருதவில்லை.

1920 ஜூனில், கெரிக் படித்த நியூயார்க் வணிக உயர்நிலைப் பள்ளி அணி சிகாகோ சென்று அந்நகரப் பள்ளி அணியொன்றுடன் மோதியது. ஆட்டம் நடந்த இடம் தொழில்முறை அணியான சிகாகோ கப்ஸ் அணியின் திடல். ஒன்பதாவது இன்னிங்சில் மூன்று தளங்களிலும் ஓட்டக்காரர்கள் நின்றிருக்க, கெரிக் அடித்த பந்து திடலைத் தாண்டி வெளியே சென்று விழுந்தது. பதினேழு வயது மாணவரின் பெயர் அன்று முதன்முறையாக நாளிதழ்களில் பரவலாக வெளிவந்தது.

அதன் பின்னர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்குள்ள மாணவர் சங்க விடுதி ஒன்றில் அவரது தாய் சமையல் வேலை பார்த்துவந்தார். 1921 கோடையில் ஹார்ட்ஃபோர்டு நகர அணியில் மாற்றுப் பெயரில் சில ஆட்டங்கள் ஆடியது வெளிப்பட்டதால், ஓராண்டு கல்லூரி விளையாட்டுகளில் பங்கேற்க அவருக்குத் தடை விதிக்கப்பட்டது. தடை நீங்கிய பின் அமெரிக்கக் கால்பந்தாட்டம், அடிபந்தாட்டம் இரண்டிலும் பல்கலைக்கழகத்திற்காக ஆடினார்.

ஏப்ரல் 18, 1923 அன்று நியூயார்க்கில் யாங்கி ஸ்டேடியம் திறக்கப்பட்டது. அதே நாளில் நகரின் மறுபக்கத்தில், கொலம்பியா அணியின் பந்தெறிவாளராகக் களமிறங்கிய கெரிக், வில்லியம்ஸ் கல்லூரி அணியின் மட்டையாளர்கள் 17 பேரை வீழ்த்தினார். ஆனாலும் கொலம்பியா தோற்றது. யாங்கீஸ் அணிக்காகத் திறமையாளர்களைத் தேடிவந்த பால் கிரிச்செல், கெரிக்கின் பந்தெறிதலைவிட அவரது மட்டையடியையே பெரிதும் மதித்தார். அம்மாத இறுதியில் கெரிக் யாங்கீஸ் அணியுடன் ஒப்பந்தம் செய்துகொண்டார். முன்பணமாகக் கிடைத்த 1,500 டாலர், பெற்றோரின் மருத்துவச் செலவில் தவித்துக்கொண்டிருந்த அக்குடும்பத்திற்கு அன்று பெருந்தொகை. தாயின் பொறியாளர் கனவு அத்துடன் முடிந்தது.

1925: தொடக்கம்

முதல் இரண்டு ஆண்டுகளில் பெரும்பகுதியை கெரிக் ஹார்ட்ஃபோர்டு அணியிலேயே பயிற்சியாகக் கழித்தார். 1925ஆம் ஆண்டுப் பருவத்தை யாங்கீஸ் அணியில் தொடங்கினாலும், பெரும்பாலும் வெளியே அமர்ந்திருந்தார். முதல் தளத்தில் வாலி பிப் என்னும் அனுபவமிக்க வீரர் நிலைபெற்றிருந்தார்.

அவ்வாண்டின் தொடக்கம் யாங்கீஸ் அணிக்கு மிக மோசமாக அமைந்தது. அணியின் தலையாய வீரரான பேப் ரூத் ஏப்ரலில் நோயுற்று விழுந்து, அறுவை சிகிச்சைக்குப் பின் ஜூன் 1 அன்றே திரும்பினார். அதற்குள் அணி பட்டியலின் அடிப்பகுதிக்குச் சென்றுவிட்டது. மேலாளர் மில்லர் ஹக்கின்ஸ் பழைய வீரர்களை ஒவ்வொருவராக மாற்றத் தொடங்கினார். மே மாதத்தில் எவரெட் ஸ்காட் என்பவரை வெளியே அமர்த்தினார். ஸ்காட் அதுவரை தொடர்ச்சியாக 1,307 ஆட்டங்கள் ஆடியவர். அதுவே அன்றைய சாதனை. அவருடைய இடத்திற்குப் பீ வீ வானிங்கர் என்னும் இளைஞர் வந்தார்.

ஜூன் 1 அன்று அதே வானிங்கருக்கு மாற்றாக மட்டையடிக்க கெரிக் அனுப்பப்பட்டார். அன்று அவர் வெற்றி பெறவில்லை. ஆயினும் 2,130 என்னும் தொடர் அந்த ஓர் அடிவாய்ப்பிலிருந்தே கணக்கிடப்படுகிறது. ஒரு தொடர் முடிந்த இடத்தில், ஏறத்தாழ ஒரு மாத இடைவெளியில், அதைவிட நீண்ட தொடர் பிறந்ததை அன்று எவரும் கவனித்திருக்க இயலாது.

மறுநாள் பிப்பிற்குப் பதிலாக கெரிக் முதல் தளத்தில் நின்றார். பிப் தலைவலி என்று ஓய்வு கேட்டதாகவும், அந்த ஒரு நாளில் வேலையையே இழந்ததாகவும் ஒரு கதை பிற்காலத்தில் மிகவும் பரவியது. வேலைக்கு விடுப்பு எடுக்கலாகாது என்பதற்கு எடுத்துக்காட்டாக அமெரிக்காவில் இக்கதை சொல்லப்படுவதுண்டு. அன்று பிப் ஒருவர் மட்டுமன்றி வேறு வீரர்களும் மாற்றப்பட்டதை நோக்கினால், தோற்றுக்கொண்டிருந்த அணியைச் சீரமைக்க ஹக்கின்ஸ் எடுத்த முடிவாகவே இது தோன்றுகிறது. சரியாக ஒரு மாதம் கழித்து, பயிற்சியின்போது பந்து தலையில் பட்டு பிப் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். தலைவலிக் கதையில் இவ்விரு நிகழ்வுகளும் கலந்திருக்கக்கூடும். அடுத்த ஆண்டு அவர் சின்சினாட்டி அணிக்குச் சென்றார்.

ரூத்தின் நிழலில்

1927ஆம் ஆண்டு யாங்கீஸ் அணி, அடிபந்தாட்ட வரலாற்றின் மிகச் சிறந்த அணிகளுள் ஒன்றாகப் போற்றப்படுகிறது. 110 ஆட்டங்களில் வென்று 44இல் மட்டுமே தோற்றது. ரூத் அவ்வாண்டு 60 ஹோம் ரன்கள் (பந்தை எல்லைக்கு வெளியே அனுப்பி நான்கு தளங்களையும் சுற்றிவரும் அடி) அடித்தார். கெரிக் 47 அடித்தார், சராசரி 0.373. செப்டம்பர் முதல் வாரம்வரை இருவரும் எண்ணிக்கையில் அருகருகே இருந்தனர். அமெரிக்கன் லீகின் மதிப்புமிக்க வீரர் விருது கெரிக்கிற்குக் கிடைத்தது. முன்னரே விருது பெற்றவருக்கு மீண்டும் வழங்குவதில்லை என்னும் அக்கால விதி ரூத்தைப் போட்டியிலிருந்து விலக்கியிருந்தது என்பதையும் இங்குக் குறிப்பிட வேண்டும்.

ரூத் ஆரவாரமானவர், செலவாளி, எங்கு சென்றாலும் கூட்டம் சூழ இருப்பவர். கெரிக் கூச்ச இயல்பினர். முப்பது வயதுவரை பெற்றோருடனேயே வாழ்ந்தார். நாளிதழ்கள் எவரைப் பற்றி எழுதின என்பதைச் சொல்லத் தேவையில்லை. ரூத்தின் உச்ச ஊதியம் ஆண்டுக்கு 80,000 டாலர். கெரிக் பெற்ற உச்ச ஊதியம் 1938இல் 39,000 டாலர் மட்டுமே.

அவருடைய பெருஞ்செயல்கள் நடந்த நாள்களில் வேறு செய்திகள் முந்திக்கொண்டன. ஜூன் 3, 1932 அன்று பிலடெல்பியாவில் ஒரே ஆட்டத்தில் நான்கு ஹோம் ரன்கள் அடித்தார். இருபதாம் நூற்றாண்டில் அதுவரை எவரும் செய்யாத செயல் அது. ஆனால் அன்றுதான் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியின் புகழ்பெற்ற மேலாளர் ஜான் மெக்ரா பதவி விலகினார். தலைப்புச் செய்தி அவருக்குச் சென்றது. அதே ஆண்டு உலகத் தொடரில் கெரிக்கின் சராசரி 0.529. ஆயினும் அத்தொடர், ரூத் பந்து செல்லவிருக்கும் திசையைக் கையால் காட்டிவிட்டு அடித்ததாகக் கூறப்படும் ஹோம் ரன்னுக்காகவே நினைவுகூரப்படுகிறது. அதற்கு அடுத்த பந்தில் கெரிக்கும் ஒரு ஹோம் ரன் அடித்தார் என்பதைப் பலர் அறியார்.

1931இன் பருவத் தொடக்கத்தில் நடந்த ஒரு நிகழ்வு தனியே குறிப்பிடத்தக்கது. ஏப்ரல் 26 அன்று வாஷிங்டனில் கெரிக் அடித்த பந்து எல்லைக்கு அப்பாலிருந்த இருக்கைகளில் பட்டுத் திரும்பி, களக்காப்பாளரின் கைக்கு வந்தது. தளத்தில் இருந்த சக வீரர் லின் லாரி, பந்து பிடிபட்டதாகக் கருதி ஓட்டத்தை நிறுத்தி வெளியேறினார். தலைகுனிந்து ஓடிக்கொண்டிருந்த கெரிக் இதைக் காணவில்லை. முன்னால் சென்றவரைக் கடந்து ஓடியதாக நடுவர் அவரை ஆட்டமிழக்கச் செய்தார். ஹோம் ரன் கணக்கில் சேரவில்லை. பருவ இறுதியில் ரூத்தும் கெரிக்கும் தலா 46 ஹோம் ரன்களுடன் சமநிலையில் நின்றனர். ஏப்ரலில் போன அந்த ஓர் அடி, முதலிடத்தை அவர் தனித்துப் பெறும் வாய்ப்பைப் பறித்துவிட்டது. அவ்வாண்டில் அவரது அடிகளால் அணிக்குக் கிடைத்த ஓட்டங்கள் 185. அமெரிக்கன் லீகில் இன்றுவரை இதை எவரும் விஞ்சவில்லை.

1934இல் சராசரி (0.363), ஹோம் ரன் (49), அடித்துச் சேர்த்த ஓட்டங்கள் (166) ஆகிய மூன்றிலும் முதலிடம் பெற்று "மும்முடி" எனப்படும் அரிய சிறப்பை அடைந்தார். அவ்வாண்டு விருது டெட்ராயிட் அணியின் மிக்கி காக்ரனுக்கு வழங்கப்பட்டது. 1936இல் கெரிக் இரண்டாம் முறை விருது பெற்றார். ஆறு உலகத் தொடர்களை வென்ற அணிகளில் ஆடியுள்ளார். 1933இல் எலனோர் டுவிச்செல் என்பவரை மணந்தார். இவர்களுக்குக் குழந்தைகள் இல்லை. ஏறத்தாழ அக்காலத்தில் ரூத்துடனான நட்பும் முறிந்தது. ரூத்தின் மகளுடைய உடை குறித்து கெரிக்கின் தாய் கூறிய ஒரு சொல்லே காரணம் எனப்படுகிறது. சில ஆண்டுகள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

தொடர் ஆட்டங்கள்

ஆகஸ்ட் 17, 1933 அன்று செயின்ட் லூயிஸ் நகரில் ஸ்காட்டின் 1,307 ஆட்டங்கள் என்னும் சாதனையை கெரிக் கடந்தார். விரல் முறிவுகள், தலையில் பந்து பட்ட காயம், கடும் முதுகுவலி எனப் பல இடர்களுக்கிடையே இத்தொடர் நீடித்தது. ஜூலை 14, 1934 அன்று முதுகுப் பிடிப்பால் நிமிர இயலாத நிலையில், முதல் மட்டையாளராக இறங்கி ஒரு முறை அடித்துவிட்டு, உடனே மாற்று வீரரிடம் இடத்தை விட்டு வெளியேறினார். சாதனைக்காகவே செய்யப்பட்ட ஏற்பாடு இது என்று குறை கூறியவர்கள் உண்டு. குறையில் உண்மை இல்லாமல் இல்லை. எனினும் இத்தகைய நாள்கள் மிகச் சிலவே. எஞ்சிய இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்டங்களில் அவர் அணிக்கு இன்றியமையாதவராகவே இருந்தார். 1926 முதல் 1938 வரை பதின்மூன்று பருவங்களிலும் ஆண்டுக்கு நூற்றுக்கு மேற்பட்ட ஓட்டங்களை அடித்துச் சேர்த்துள்ளார்.

மே 31, 1938 அன்று தொடர் 2,000ஐ எட்டியது. 1,999உடன் நிறுத்திக்கொண்டால் மக்கள் அந்த எண்ணை மறக்கமாட்டார்கள் என்று மனைவி யோசனை கூறியதாகவும், கெரிக் அதை ஏற்கவில்லை என்றும் சொல்லப்படுகிறது.

இத்தொடருக்கு எதிர்பாராத பின்விளைவு ஒன்று இருந்தது. ஆண்டுகள் செல்லச் செல்ல, கெரிக்கை ஒருநாள் வெளியே அமர்த்துவது மேலாளருக்கு இயலாத செயலாகிவிட்டது. ஸ்காட்டை ஹக்கின்ஸ் தயங்காமல் நீக்கினார். 1931இல் பொறுப்பேற்ற ஜோ மெக்கார்த்தி கெரிக்கைத் தம் மகனைப்போல் நேசித்தவர். 1935 முதல் கெரிக் அணித்தலைவரும்கூட. முடிவெடுக்கும் உரிமை மேலாளருடையதாக இருந்தும், நடைமுறையில் அது கெரிக்கின் கையிலேயே இருந்தது.

1938: முதல் அறிகுறிகள்

1938இல் கெரிக்கின் சராசரி 0.295 ஆகக் குறைந்தது. 29 ஹோம் ரன்கள், 114 ஓட்டங்கள் என்பவை வேறொரு வீரருக்குப் பெருமை தரும் எண்கள். கெரிக்கிற்கு அவை வீழ்ச்சி. பருவத்தின் நடுவிலிருந்தே தாம் களைப்படைந்ததை உணர்ந்ததாக அவர் பின்னர் தெரிவித்தார். அவ்வாண்டு உலகத் தொடரில் 14 வாய்ப்புகளில் நான்கு முறை வெற்றி பெற்றார். நான்குமே ஒரு தள அடிகள். முப்பத்தைந்து வயதானவருக்கு இது இயல்பான தளர்ச்சி என்றே அனைவரும் எண்ணினர்.

1939 ஏப்ரல்: எட்டு ஆட்டங்கள்

1939 வசந்தத்தில் புளோரிடா மாநிலம் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் நடைபெற்ற பயிற்சி முகாமில் மாற்றம் வெளிப்படையாகத் தெரிந்தது. ஓடும்போது கால்கள் ஒத்துழைக்கவில்லை. உடை மாற்றும் அறையில் தடுமாறி விழுந்தார். மட்டையின் நடுவில் சரியாகப் பட்ட பந்தும் தொலைவு செல்லாமல் அருகிலேயே விழுந்தது. செய்தியாளர்கள் சிலர் இதைக் கவனித்துக் கவலையுடன் எழுதினர். கெரிக் கூடுதலாகப் பயிற்சி செய்வதையே தீர்வாகக் கொண்டார். வாழ்நாள் முழுதும் அவருக்குப் பயன்பட்ட ஒரே மருந்து அதுதான்.

பருவத்தின் முதல் ஆட்டம் ஏப்ரல் 20 அன்று யாங்கி ஸ்டேடியத்தில் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியுடன் நடைபெற்றது. யாங்கீஸ் 2–0 என வென்றது. பாஸ்டன் அணியில் அன்று அறிமுகமான இருபது வயது இளைஞர் டெட் வில்லியம்ஸ், பின்னாளில் மாபெரும் மட்டையாளராக உயர்ந்தவர். கெரிக் நான்கு வாய்ப்புகளிலும் தோல்வியுற்றார். ஒருவரின் முதல் நாளும் மற்றவரின் கடைசிப் பருவத்து முதல் நாளும் ஒரே திடலில் நிகழ்ந்தன.

ஏப்ரல் 30 அன்று வாஷிங்டன் அணியுடன் எட்டாவது ஆட்டம் முடிந்தபோது கெரிக்கின் கணக்கு இவ்வாறு இருந்தது: 28 வாய்ப்புகளில் நான்கு வெற்றிகள், அனைத்தும் ஒரு தள அடிகள், சராசரி 0.143, அடித்துச் சேர்த்த ஓட்டம் ஒன்றே ஒன்று. மேலோட்டமாகப் பார்த்தால் இது எந்த வீரருக்கும் நேரக்கூடிய மோசமான பத்து நாள்கள்தான். ஆனால் இக்கணக்கில் மற்றொரு செய்தியும் அடங்கியுள்ளது. பந்தைத் தவறவிட்டு மூன்று வீச்சில் ஆட்டமிழந்தது ஒரு முறை மட்டுமே. தீய பந்துகளை விட்டுவிட்டு நடந்தே தளத்தை அடைந்தது ஐந்து முறை. அதாவது, அவரது கண் பழுதுபடவில்லை. பந்தைக் கணிக்கும் அறிவும் குறையவில்லை. மட்டை பந்தைத் தொட்டுக்கொண்டுதான் இருந்தது. தொட்ட பந்தை விரட்டும் வலிமை மட்டும் உடலில் இல்லை. முதுமையால் தளரும் மட்டையாளர் பொதுவாகப் பந்தைத் தவறவிடுவார். கெரிக்கிற்கு நேர்ந்தது அதற்கு மாறானது. இன்று திரும்பிப் பார்க்கையில் இவ்வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது.

அந்தக் கடைசி ஆட்டத்தின் ஒன்பதாவது இன்னிங்சில், தரையில் வந்த ஒரு பந்தைப் பந்தெறிவாளர் ஜானி மர்பி எடுத்து முதல் தளத்திற்கு எறிந்தார். கெரிக் சற்றுத் தாமதித்தே தளத்திற்கு வந்து அதைப் பிடித்தார். மிக எளிய செயல். ஆனால் மர்பியும் மற்றவர்களும் அருகில் வந்து அவரைப் பாராட்டினர். அவர்களின் நோக்கம் அன்பே. கெரிக்கிற்கோ, எளிய செயலுக்குப் பாராட்டுப் பெறும் நிலைக்குத் தாம் வந்துவிட்டதே அப்போதுதான் புலப்பட்டது.

மறுநாள் ஆட்டம் இல்லை. மே 2 அன்று டெட்ராயிட் நகர விடுதியில் மெக்கார்த்தியைச் சந்தித்து, அணியின் நலனுக்காகத் தம்மை வெளியே அமர்த்துமாறு கெரிக் கேட்டுக்கொண்டார். மெக்கார்த்தி மறுக்கவில்லை, அவர் விரும்பும்போது திரும்பலாம் என உறுதியளித்தார். அன்று பிற்பகல், அணித்தலைவர் என்ற முறையில், தம் பெயர் இல்லாத ஆட்டக்காரர் பட்டியலை கெரிக்கே நடுவரிடம் கொண்டுசென்று கொடுத்தார். ஒலிபெருக்கியில் செய்தி அறிவிக்கப்பட்டதும் டெட்ராயிட் மக்கள் எழுந்து கைதட்டினர். பார்வையாளர்களிடையே மிச்சிகன் மாநிலத்தில் வாழ்ந்துவந்த வாலி பிப்பும் இருந்தார்.

முதல் தளத்தில் பேப் டால்கிரன் ஆடினார். ஒரு ஹோம் ரன்னும் அடித்தார். யாங்கீஸ் 22–2 என வென்றது.

நோய்

கெரிக் அணியுடன் தொடர்ந்து பயணம் செய்தார். ஆனால் மீண்டும் லீக் ஆட்டம் எதிலும் இறங்கவில்லை. ஜூன் மாதம் மினசோட்டா மாநிலம் ராச்செஸ்டரிலுள்ள மேயோ மருத்துவ நிலையத்தில் ஆறு நாள்கள் பரிசோதிக்கப்பட்டார். ஜூன் 19 அன்று, அவரது 36ஆம் பிறந்தநாளில், நோய் ஏ.எல்.எஸ். என உறுதிசெய்யப்பட்டது.

பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் ழான் மார்ட்டின் ஷார்க்கோ 1869இல் விவரித்த நோய் இது. மூளையிலிருந்தும் முதுகுத் தண்டிலிருந்தும் தசைகளுக்குக் கட்டளை கொண்டுசெல்லும் இயக்க நரம்பணுக்கள் படிப்படியாக அழிகின்றன. தசைகள் சுருங்கி, நடை, கை அசைவு, பேச்சு, விழுங்குதல், இறுதியில் மூச்சு ஆகியன பாதிக்கப்படும். பெரும்பாலோர்க்கு அறிவும் புலனுணர்வும் தெளிவாகவே இருக்கும். இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங்கைத் தாக்கியதும் இந்நோயே. அவர் விதிவிலக்காக நெடுங்காலம் வாழ்ந்தார். பலருக்கு நோய் கண்டறியப்பட்ட சில ஆண்டுகளுக்குள் மரணம் நேரிடுகிறது. 1939இல் இதற்கு எந்த மருந்தும் இல்லை. பின்னர் நோயின் வேகத்தைச் சற்றுக் குறைக்கும் மருந்துகள் வந்துள்ளன. முழுமையாகக் குணப்படுத்தும் மருந்து இன்னும் கண்டறியப்படவில்லை. நோயின் முழுக் கடுமையை அவரிடம் சொல்லவேண்டாம் என்று எலனோர் மருத்துவர்களைக் கேட்டுக்கொண்டதாகக் கூறப்படுகிறது.

தலையில் மீண்டும் மீண்டும் பட்ட அடிகளுக்கும் இத்தகைய நரம்பழிவுக்கும் தொடர்பிருக்கலாம் என 2010இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் கருத்து வெளியிட்டபோது, கெரிக்கின் பெயரும் விவாதத்திற்கு வந்தது. அவரது உடல் எரியூட்டப்பட்டதால் இதை இனி உறுதிசெய்ய வழியில்லை.

ஜூலை 4, 1939

அமெரிக்க விடுதலை நாளன்று யாங்கி ஸ்டேடியத்தில் கெரிக்கைப் பாராட்டும் விழா நடைபெற்றது. 61,808 பேர் திரண்டனர். 1927 அணியின் வீரர்கள் அழைக்கப்பட்டிருந்தனர், ரூத்தும் வந்திருந்தார். அவரது சட்டை எண்ணான 4, இனி எவருக்கும் வழங்கப்படாது என அறிவிக்கப்பட்டது. அமெரிக்கத் தொழில்முறை அடிபந்தாட்டத்தில் ஒரு வீரரின் எண் இவ்வாறு விலக்கிவைக்கப்பட்டது இதுவே முதன்முறையாகும்.

கெரிக் பேச விரும்பவில்லை. மெக்கார்த்தி வற்புறுத்தவே ஒலிபெருக்கியின் முன் வந்தார். கையில் குறிப்பு ஏதுமின்றி, நோயின் பெயரைக் குறிப்பிடாமல், மேலாளர்கள், சக வீரர்கள், எதிரணியினர், திடல் பணியாளர்கள், பெற்றோர், மனைவி, மாமியார் ஆகியோரை நினைவுகூர்ந்து, தாம் பெரும்பேறு பெற்றவராகவே உணர்வதாகச் சுருக்கமாகப் பேசினார். அமெரிக்காவில் மிகவும் அறியப்பட்ட உரைகளுள் ஒன்றாகிய இதன் முழு ஒலிப்பதிவு கிடைக்கவில்லை. செய்திப்படங்களில் சில பகுதிகளே எஞ்சியுள்ளன. உரை முடிந்ததும் ரூத் அவரைத் தழுவிக்கொண்டார்.

அவ்வாண்டு யாங்கீஸ் 106 ஆட்டங்களில் வென்று உலகத் தொடரையும் கைப்பற்றியது. டிசம்பரில், வழக்கமான காத்திருப்புக் காலம் தளர்த்தப்பட்டு, கெரிக் புகழரங்கிற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இறுதி ஆண்டுகள்

நியூயார்க் மேயர் ஃபியரெல்லோ லகார்டியா, கெரிக்கை நகரச் சிறைவிடுப்பு ஆணையத்தின் உறுப்பினராகப் பத்தாண்டுக் காலத்திற்கு நியமித்தார். ஜனவரி 1940இல் பதவியேற்ற அவர், ஆண்டுக்கு 5,700 டாலர் ஊதியத்தில், கைதிகளை விடுவிப்பது குறித்த மனுக்களை ஆராய்ந்தார். விளம்பரமின்றிச் செய்த பணி இது. கையெழுத்திட இயலாத நிலை வந்தபோது மனைவி கையைப் பிடித்து உதவினார். இறப்பதற்கு ஏறத்தாழ ஒரு மாதத்திற்கு முன்வரை இப்பணியைத் தொடர்ந்தார்.

1940 பருவத் தொடக்கத்தில் யாங்கீஸ் மிகவும் தடுமாறி, மே மாதத்தில் கடைசி இடத்தில் இருந்தது. நியூயார்க் நாளிதழ் ஒன்று, கெரிக்கின் நோய் தொற்றக்கூடியது என்றும் அதனாலேயே அணி நலிந்தது என்றும் பொருள்படும் கட்டுரையை வெளியிட்டது. ஏ.எல்.எஸ். தொற்றுநோய் அன்று. கெரிக் பத்து லட்சம் டாலர் கேட்டு வழக்குத் தொடர்ந்தார். நாளிதழ் வருத்தம் தெரிவித்தது. வழக்கு நீதிமன்றத்திற்கு வெளியே முடிந்தது.

ஜூன் 2, 1941 அன்று நியூயார்க்கின் ரிவர்டேல் பகுதியிலுள்ள தம் இல்லத்தில் கெரிக் காலமானார். அகவை 37. பிப்பின் இடத்தில் அவர் நின்ற நாளிலிருந்து சரியாகப் பதினாறு ஆண்டுகள் நிறைந்திருந்தன. அவரது சாம்பல் நியூயார்க் மாநிலம் வல்ஹாலாவிலுள்ள கென்சிகோ கல்லறைத் தோட்டத்தில் வைக்கப்பட்டுள்ளது. எலனோர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. 1984இல் மறையும்வரை இந்நோய் குறித்த ஆராய்ச்சிக்கு ஆதரவு திரட்டிவந்தார்.

மறைவுக்குப் பின்

கெரிக்கின் வாழ்வைத் தழுவி 1942இல் "யாங்கீஸ்களின் பெருமை" என்னும் பொருள்படும் தலைப்புடன் திரைப்படம் ஒன்று வெளிவந்தது. கேரி கூப்பர் கெரிக்காக நடித்தார். பேப் ரூத் தாமாகவே தோன்றினார்.

கெரிக் ஆடிய மொத்த ஆட்டங்கள் 2,164; சராசரி 0.340, ஹோம் ரன்கள் 493, அடித்துச் சேர்த்த ஓட்டங்கள் 1,995. மூன்று தளங்களும் நிறைந்திருக்கையில் அவர் அடித்த 23 ஹோம் ரன்கள் என்னும் சாதனையை 2013இல் அலெக்ஸ் ரொட்ரிகஸ் கடந்தார். 1999இல் நூற்றாண்டின் சிறந்த அணியைத் தேர்ந்தெடுக்க மக்களிடையே நடந்த வாக்கெடுப்பில் எல்லா வீரர்களிலும் மிகுதியான வாக்குகள் கெரிக்கிற்கே கிடைத்தன. ரூத்தை அவர் முந்திய அரிய தருணங்களுள் அதுவும் ஒன்று.

செப்டம்பர் 6, 1995 அன்று பால்டிமோர் ஓரியோல்ஸ் வீரர் கால் ரிப்கன் இளையவர் 2,131ஆவது தொடர் ஆட்டத்தை ஆடினார். ரிப்கனின் தொடர் 2,632இல் முடிந்தது. அவரும் 1998இல் ஒருநாள் ஆட்டத்திற்கு முன் மேலாளரிடம் தாமே சென்று கூறி, வெளியே அமர்ந்துகொண்டார். 2021 முதல் ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 2ஆம் நாள் அனைத்துத் தொழில்முறைத் திடல்களிலும் லூ கெரிக் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது; ஏ.எல்.எஸ். ஆராய்ச்சிக்கு அன்று நிதி திரட்டப்படுகிறது.